பின் சீட்டுக்குள் குரவை

இந்த மாதிரி விசயங்களை நான் ஒருநாளும் நம்பினவள் இல்லை. எங்கள் தெருவில் பெண்கள் கூடி, கிணற்றடியில் ஜின் நின்றது, மஃரிப் தொழுகைக்குப் பிறகு முருங்கை மரத்தடியில் யாரோ நடந்தது என்று கதைத்தால் நான் தையல் மெஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டேன். ஜின் உண்டு, குர்ஆனில் இருக்கிறது, அதை மறுக்க நான் யார், ஆனால் அதற்கு வேறு வேலை இல்லாமலா நம்முடைய கோழிக்கூட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது என்று கேட்கிற ஆள் நான். கேட்பதும் மனதுக்குள்தான். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, எழுத்துக் கூட்டி எழுதுவேன், அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தால் நினையுங்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன், அல்லாஹ் சாட்சி.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகன் றிபாஸ் கத்தாரில் ஒரு கராஜில் பல வருசம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தான். வந்தவன் எல்லாரையும் போல வேன் வாங்குவான், ஆட்டோ வாங்குவான் என்று பார்த்தால், ஒருநாள் லொறியில் பெரிய பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் பைபரில் செய்த கார் மூக்கு, கார் கதவு, கார் வால். எல்லாம் தனித்தனித் துண்டு. பழைய ஜீப் ஒன்றின் அடிப்பாகத்தையும் இஞ்சினையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் இந்தத் துண்டுகளைப் பூட்டி அவனே ஒரு காரை உண்டாக்கினான். பட்டர் நிறம், பழைய காலத்துக் கார் மாதிரி வளைவு, பின்னுக்கு அகலமான சீட்டு, மேலே கூரை கிடையாது. மாப்பிள்ளைமாரை ஏற்றிக்கொண்டு போக, தெருவெல்லாம் அவர்களைப் பார்க்க, அதற்கென்றே செய்த கார்.

பக்கத்து வீட்டுக் கதீஜா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னகா, உன்ட மகன் கார்ட கூரையைக் கத்தார்லயே மறந்து வெச்சிட்டு வந்திட்டானோ? மழை வந்தா மாப்புள குளிச்சிட்டுத்தான் பொண்ணுட ஊட்டுக்கு வருவாரு."

"அந்த மாப்புளைக்கு நீங்கதான் மாமி குடை பிடிக்கணும்" என்றான் றிபாஸ், காருக்குக் கீழே படுத்துக்கொண்டே.

அந்தக் கார் முதன்முதலாகப் போகப்போகிற கல்யாணம் எங்கள் சிப்னாவுடையது. சிப்னா என் தங்கை சல்மாவின் மகள், ஆனால் வளர்த்தது நான். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று காலையில் சல்மா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "ராத்தா, புள்ளைட உடுப்பு காயுது, எடுத்துட்டு ஓடியாறன்" என்று கடற்கரைப் பக்கம் இருந்த அவளுடைய வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான். அவள் கிடைக்கவே இல்லை. எத்தனையோ பேருக்கு அடக்கின கபுறு இருக்கிறது, அவளுக்கு அதுவும் இல்லை. வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன. பிள்ளையின் வாப்பா வேறு கல்யாணம் முடித்து அக்கரைப்பற்றுப் பக்கம் போய்விட்டார். சிப்னாவுக்குத் தன் உம்மாவின் முகமும் தெரியாது, குரலும் தெரியாது.

குரல் என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் இந்தக் கதை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது பெண்கள் குரவை போடுவார்கள். நாக்கை உருட்டி ஒரே மூச்சில் போடுகிற சத்தம். முதல் குரவையைப் பெண்ணின் உம்மாதான் தொடங்க வேண்டும், மற்றவர்கள் பிறகுதான் சேருவார்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் சல்மாவைத்தான் தொடங்கச் சொல்லிக் கேட்பார்கள், உம்மாமார் கூட அவளிடம் விட்டுவிடுவார்கள், அவளுடைய மூச்சு அப்படி. ஆனால் அதில் ஒரு இரகசியம் இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது. நான் அவளுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்பேன். அவள் மூச்சு முடியப்போகும்போது என் இடது மணிக்கட்டை இரண்டு விரலால் அழுத்துவாள். அந்த இடத்தில் நான் எடுப்பேன், அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள், பிறகு அவள் எடுப்பாள். வெளியில் நிற்பவர்களுக்கு ஒரே பெண் விடாமல் போடுகிற மாதிரித்தான் கேட்கும். நான் ஒருநாளும் தொடங்கினது கிடையாது. அவளுடைய மறைவில் நின்று எடுப்பது மட்டும்தான் என்னால் முடியும். அவள் போன பிறகு நான் குரவையே போடவில்லை.

கல்யாணப் பேச்சு முடிந்த கொஞ்ச நாளில் சிப்னா என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"பெரியம்மா, எனக்கு நகை வேணாம், ஒண்டும் வேணாம். அவரு வந்து இறங்கக்குள்ள குரவை போடணும். எல்லாப் புள்ளைகளுக்கும் உம்மா போடுவாங்க. எனக்கு நீங்க போடுங்க."

நான் நூல் கோர்க்கிற சாட்டில் மெஷினுக்குள் குனிந்துகொண்டேன். அவளுக்கு என்னைத் தெரியும். விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவே திரைக்குப் பின்னால் நின்று ஆள் தேடுகிற பெரியம்மா.

றிபாஸ்தான் வழி சொன்னான். காருக்குள் ஒரு சவுண்ட் செட் பூட்டப் போகிறேன், ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாமல் பூட்டப் போகிறேன் என்றான். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்காயர்மார் கல்யாண ஊர்வலத்தில் பாட்டு, பேண்ட், வெடி எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவனும் வழியில் ஒன்றும் போட மாட்டானாம், வாசலில் இறங்கும்போது மட்டும், முன்கூட்டியே பதிந்து வைத்த என்னுடைய குரவையைப் போடுவானாம்.

"பொம்புளட குரலைப் பெட்டிக்குள்ள போட்டு ரோட்டுல விடுறதா மகன்? ஆரும் கேட்டா?"

"ஊட்டுக்குள்ள நிண்டு போட்டாலும் ரோட்டுக்குக் கேக்கிறதுதானேம்மா. இது எங்கரிந்து வருதெண்டே ஒருத்தருக்கும் தெரியாது. பொண்ணு ஊட்டுப் பொம்புளையள் போடுறாங்க எண்டுதான் நினைப்பாங்க."

அப்படித்தான் வேலை தொடங்கியது. மூடின காரில் கதவுக்குள்ளும் கூரைக்குள்ளும் ஸ்பீக்கர் ஒளிக்கலாமாம், இதில் கூரையும் இல்லை, கதவும் தட்டைப் பலகை மாதிரி. மழை விழும், கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அரித்துவிடும். பெரியநீலாவணையில் பைபர் போட் செய்கிற செல்வம் என்பவரை றிபாஸ் கூட்டி வந்தான். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, கூரை இல்லாத வாகனத்துல பாட்டுப் போட்டா அது காத்துக்குத்தான் கேக்கும். சத்தம் உருண்டு வரணுமெண்டா சீட்டுக்குக் கீழ அடைச்ச பெட்டி ஒண்டு வேணும். பலகை வெச்சா தண்ணி குடிச்சு ஊதிப்போகும். என்னட்ட ஒரு பழைய போட் மூக்கு கிடக்கு, அறுத்துத் தாறன்."

மறுநாள் கொண்டுவந்தார். நீல நிறம் மங்கிப்போன ஒரு போட்டின் முன்பக்கம், கவிழ்த்து வைத்தால் பின் சீட்டுக்குக் கீழே அளவெடுத்த மாதிரி இருந்தது. யாருடைய போட் என்று நான் திரைக்குப் பின்னால் இருந்தபடியே கேட்டேன். "ஆருக்குத் தெரியும் உம்மா? சுனாமிக்குப் பொறகு பாண்டிருப்புப் பக்கம் முள்ளுப் பத்தைக்குள்ள கிடந்தது. தேடி ஒருத்தரும் வரல்ல" என்றார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் பைபர் பைபர்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்த மூக்கைக் காரின் அடித்தட்டோடு சேர்த்து ஒட்டினார்கள். அதற்குள் இரண்டு ஸ்பீக்கர், அம்ப் என்று ஒரு இரும்புப் பெட்டி, வயர்கள் எல்லாம் கம்பளத்துக்குக் கீழால் முன்னுக்கு ஓடின. டிரைவரின் கால் மாட்டில் சின்ன சுவிச், அதுவும் கம்பளத்துக்குள். மேலே சீட்டுத் தைப்பது என் வேலை. ரெக்சினை அப்படியே மூடித் தைத்தால் சத்தம் செத்துவிடும், ஓட்டை தெரிந்தால் ஒளித்தது வெளியாகிவிடும். "துணி மூச்சு விடணும்மா, ஆனா கண்ணுக்குப் புடிபடப்படாது" என்றான் மகன். நான் யோசித்துவிட்டுச் சீட்டின் முன்பக்கம் கால் படுகிற உயரத்தில், ரெக்சின் நிறத்திலேயே ஒரு மெல்லிய முக்காட்டுத் துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி வைத்துத் தைத்தேன். பார்த்தால் அலங்காரச் சுருக்கம். கதீஜா அதில் உட்கார்ந்து எழும்பிப் பார்த்தாள், அவளுக்கே தெரியவில்லை.

இனிக் குரவை. றிபாஸ் தன் போனைத் தந்து எங்கே அமத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனான். அறையைப் பூட்டினேன், ஜன்னலை அடைத்தேன், போனைத் தலையணைக்கு மேல் வைத்தேன். அப்படியும் வெட்கம். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போட்டேன். நான் எடுக்கிறவள், தொடங்கிப் பழக்கமில்லை, பாதியில் மூச்சு அறுந்துவிட்டது. நின்று, வாங்கி, திரும்பப் போட்டேன். திரும்பவும் அறுந்தது. றிபாஸ் கேட்டுப் பார்த்து, "நடுவில ரெண்டு எடத்துல சும்மா கிடக்கும்மா, பரவாயில்ல, கல்யாணச் சத்தத்துல தெரியாது" என்றான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் தன் காதால் கேட்டான், அந்த இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை.

அசர் தொழுதுவிட்டு வந்த நேரம், வளவுக்குள் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. நான் பின் சீட்டில் உட்கார்ந்து கடைசித் தையலை முடித்துக்கொண்டிருந்தேன். சிப்னா சமைத்த கையோடு குசினி வாசலில் நின்றாள். றிபாஸ் முன்னால் ஏறி, "போட்டுப் பாக்கப் போறன்" என்று காலால் சுவிச்சை அமத்தினான்.

என் குரல் எனக்குக் கீழே இருந்து வந்தது. கூச்சத்தில் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டேன். குரல் போய்க்கொண்டே இருந்து மூச்சு அறுகிற இடம் வந்தது. அறவில்லை. அந்த இடத்தில் இன்னொரு குரல் எடுத்தது. எடுக்கும்போது தொண்டையில் விக்கல் மாதிரி ஒரு சின்ன வெட்டு, பிறகு நூல் இழுத்த மாதிரி நேராக மேலே போகிற குரவை. அந்த வெட்டு உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் முடித்த இடத்தில் என் குரல் வந்தது, என்னுடையது அறுந்த இடத்தில் திரும்ப அவள்.

ஊசி என் கையிலிருந்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

றிபாஸ் முதலில் சிரித்தான், எதிரொலி என்றான். பிறகு ஒரு ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டான், அப்படியே கேட்டது. போனை எடுத்துச் சும்மா கேட்டான், அதில் என் குரல் மட்டும், நடுவில் இரண்டு இடம் சும்மா. வீட்டுக்குள் இருக்கிற பாட்டுப் பெட்டியில் மாட்டினான், சும்மா. காரில் மாட்டினான், நிரம்பிவிட்டது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பிரிங்கம்மா, தையலப் பிரிங்க."

பிரித்தேன். உள்ளே அவன் வைத்த சாமான்கள்தான் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நான் தைத்த அந்த முக்காட்டுத் துணியின் உள்பக்கம் நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும், அவ்வளவு ஈரம். சீட்டுப் பஞ்சு காய்ந்தே இருந்தது, அன்று மழையும் இல்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடல் காற்று என்று மகன் சொன்னான், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சிப்னா குசினி வாசலை விட்டு அசையாமல் கேட்டாள், "ரெண்டாவது ஆள் ஆரு பெரியம்மா?"

நான் அந்த ஈரத் துணியைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் றிபாஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டான். ஸ்பீக்கர், அம்ப், வயர், சுவிச், ஒன்று விடாமல். கழற்றித் துணியில் சுற்றி என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். மரைக்காயர்மார் கேள்விப்பட்டால் வீண் பிரச்சினை என்றான். அவன் பயந்துபோனான் என்று நான் சொன்னால் கோபப்படுவான். ஒட்டின போட் மூக்கு மட்டும் கழற்ற முடியாது, அது வெறும் கூடாகச் சீட்டுக்குக் கீழே இருந்தது. நான் புதிய துணி வைத்துத் திரும்பத் தைத்தேன். சிப்னா பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "அப்ப குரவை இல்ல, என்ன?" என்று மட்டும் கேட்டாள். "பாப்பம் மகள்" என்றேன். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, என் தொண்டையைப் பற்றி எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று பள்ளிவாசலில் காவின் பதிவு எழுதி முடித்து, அசருக்குப் பிறகு மாப்பிள்ளை வந்தார். தெருவில் சத்தம் இல்லாமல் அந்தப் பட்டர் நிறக் கார் வந்தது, றிபாஸ் ஓட்ட, மாப்பிள்ளையும் தோழனும் பின் சீட்டில். எங்கள் கேற்றடியில் நின்றது, இஞ்சினை அணைத்தான். பெண்கள் எல்லாரும் என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள், நான்தானே உம்மாவின் இடத்தில். "தொடங்குகா, தொடங்கு" என்று கதீஜா முதுகில் இடித்தாள். திரும்பிப் பார்த்தேன். உள் அறைத் திரையை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது, மருதோன்றி போட்ட கை. நான் வாயைத் திறந்தேன். காற்றுக்கூட வரவில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது சீட்டுக்குள் இருந்து அது தொடங்கியது.

முதலில் அந்தச் சின்ன வெட்டு, பிறகு நேராக, மேலே. வெயிலில், அத்தனை சனத்துக்கு முன்னால். றிபாஸ் குனிந்து தன் கால் மாட்டைப் பார்த்தான், சுவிச் இருந்த இடத்தை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுடைய உதடு வெளுத்துப்போனது. மாப்பிள்ளை மட்டும் சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், நல்ல செட் என்று நினைத்திருப்பார். குரவை போய்க்கொண்டே இருந்தது. அதன் மூச்சு முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். என் இடது மணிக்கட்டில் இரண்டு விரல் அழுத்தியது. குளிர்ந்த விரல்.

நான் எடுத்தேன். என்னை யார் பார்க்கிறார்கள், எத்தனை ஆண்கள் நிற்கிறார்கள் என்ற ஞாபகமே இல்லை, எடுத்துவிட்டேன். நான் முடிக்கிற இடத்தில் அவள், அவள் முடிக்கிற இடத்தில் நான். பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகு எது யாருடைய குரல் என்று பிரிக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, "இந்த வயசில என்ன மூச்சு உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்தார்கள். கை ஈரமாக இருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். வியர்வை என்றேன்.

சனம் கலைந்த பிறகு சிப்னா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதுக்குள் கேட்டாள்.

"தொடங்கினது ஆரு?"

"உன்ட உம்மா."

"ஓம்" என்றாள்.

றிபாஸ் அன்றே அலுமாரியைத் திறந்து பார்த்தான். துணி சுற்றினபடி எல்லாம் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு அவன் அந்தக் காரில் செட் எதுவும் பூட்டவே இல்லை, சீட்டைப் பிரிக்கவும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் தங்கை மகளுடைய கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போனாள் என்று என் மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் கார் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிறது. கல்முனைக்குப் போகிறது, சம்மாந்துறைக்குப் போகிறது, நிந்தவூருக்குப் போகிறது. திரும்பி வந்தால் றிபாஸ் நேரே வாளியை எடுத்துக் காரைக் கழுவுவான். ஒருநாள், முந்தின நாள் கல்யாணம் நடந்த வீட்டுக்காரர் ஒருவர் மீதி வாடகையைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"கார் வடிவு தம்பி. அந்தக் குரவையும் நல்லா இரிக்கி, எங்க வெச்சிரிக்கீங்க எண்டு தேடித்தேடிப் பாத்தம், கண்டுபுடிக்க ஏலாமப் போச்சு."

"அதில செட் ஒண்டும் இல்ல காக்கா" என்றான் றிபாஸ்.

அவர் சிரித்தார். "சரி சரி, மரைக்காயர்மாருக்கு நாங்க சொல்ல மாட்டம். ஆனா ஒண்டு தம்பி, அது நடுவில நிண்டு போகுது. நல்லாப் போய்ப் போய் ஒரு எடத்துல டக்கெண்டு நிக்குது, பொறகு வாறதே இல்ல. பொம்புளையள் எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டாங்க, இன்னும் வரும் எண்டு. அத மட்டும் சரி பண்ணுங்க."

அவருக்குப் பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நல்லா இருக்கிறது, நடுவில் நிற்கிறது.

அந்த முதல் ஆளின் வீட்டுக் கல்யாணம் நடந்த அன்று, அசருக்குப் பிறகு நான் வீட்டில் தனியாக மெஷினில் இருந்தேன். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லாமல் என் இடது மணிக்கட்டில் இரண்டு விரல் அழுத்தியது. தையலில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுத்தினது விடவில்லை, நான் எடுப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல விட்டது.

அதற்குப் பிறகும் அந்த விரல் வருகிறது, கார் வெளியே போகிற நாளில் நான் இப்போது மெஷினில் உட்காருவதில்லை.